தலையாட்டினால் சம்மதம்

எங்கள் பல்கலைக்கழக மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சமூக அறிவியல் இருக்கிறது. இந்தப் பக்கம் சமூகம் இருக்கிறது. நான் சமூகத்தில் பிறந்து, நுழைவுத் தேர்வு எழுதி, சுவருக்கு அந்தப் பக்கம் போனவன்.

வீட்டிலிருந்து வகுப்புக்கு நடந்தே போய்விடலாம். சுவரேறிக் குதித்தால் இன்னும் சீக்கிரம். முதுகலை மாணவனுக்கு அது அழகில்லை என்பதால் கேட்டைச் சுற்றித்தான் போவேன். கேட்டில் இருக்கும் காவலாளி எங்கள் தெருக்காரர். எனக்குப் பல் முளைத்தபோது நான் கடித்த முதல் விரல் அவருடையது என்று அம்மா சொல்வார். அவர் தினமும் என்னிடம் அடையாள அட்டை கேட்பார்.

"மாமா, நான்தான்."

"நீதான்னு எனக்குத் தெரியும். நீ மாணவன்னு அட்டைக்குத்தான் தெரியும். காட்டு."

நாட்டின் தலைசிறந்த சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று கேட்டின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் மறந்துவிடக் கூடாதல்லவா.

இரண்டாம் ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். அதைத் துறை ஏற்றுக்கொண்டால் பட்டம். ஏற்காவிட்டால் அடுத்த ஆண்டும் வந்து, அதே கேட்டில் அதே அட்டையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு நெறியாளராக வாய்த்தவரை மாணவர்கள் ஆழம் மேடம் என்போம். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் ஓரத்தில் 'ஆழம் போதாது' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை காய்ச்சலுக்கு விடுப்பு கேட்டவனுக்கும் அதையே எழுதிக் கொடுத்தார்.

தலைப்பு ஒதுக்கும் நாளன்று அவர் அறையில் வரிசையாக நின்றோம். என் தோழி ஒருத்திக்கு விமான நிலையங்களில் காத்திருத்தல் கிடைத்தது. எதைச் சொன்னாலும் "இதுல இன்னொரு விஷயம் இருக்கு" என்று ஒரு வாலைச் சேர்ப்பாள், அதனால் அவளுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். இன்னொருவனுக்கு மேல்தட்டு மக்களின் தனிமை. அவன் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். என் முறை வந்தது.

"உனக்கு உங்க தெரு," என்றார் மேடம்.

"ஏன் மேடம்?"

"உனக்கு அக்சஸ் இருக்கு."

அக்சஸ் எங்கள் துறையில் பெரிய சொல். மற்றவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போகிற இடத்தில் நீ ஏற்கெனவே துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருக்கிறாய் என்று பொருள்.

எங்கள் தெருவை ஆராயாத ஆளே துறையில் கிடையாது. ஏழ்மையும் இருக்கிறது, பக்கத்திலும் இருக்கிறது. களத்துக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மேடம் பெயர் வாங்கியதே எங்கள் தெருவைப் பற்றி எழுதிய புத்தகத்தால்தான். அதில் என் அம்மாவுக்குப் பெயர் 'பங்கேற்பாளர் ஏழு'.

அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷின், அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வாடிக்கையாளருக்கு என்று வாங்கிய ஸ்டூல் அது. மாணவர்கள்தான் அதிகம் உட்கார்ந்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் யாராவது ஒரு அக்காவோ அண்ணனோ அதில் குந்திக்கொண்டு, "உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. வந்தவர் எதற்கு ஏங்குகிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அதைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பார்.

"கஷ்டத்தைச் சொன்னாத்தான்டா அந்தப் பிள்ளைங்க எழுதுதுங்க. நல்லா இருக்கேன்னு சொன்னா பேனாவை மூடிடுதுங்க. பாவமா இருக்கு."

ஆரம்பிக்கும் முன் மாணவர்கள் ஒரு வாசகத்தைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக விதி. 'இது ஆய்வுக்காக. விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதமா?' பதில் சொல்பவர் வாய் திறந்து ஆமாம் என்று சொல்லக் கூச்சப்படலாம் என்று, தலையாட்டினால் போதும், அது சம்மதம் என்று வைத்திருந்தார்கள். அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே தலையாட்டுவார். வெள்ளைச் சட்டை காலருக்கு மேல் குனிந்து தைக்கிற தலை எப்படியும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

"எனக்குத் தெரு வேண்டாம் மேடம்," என்றேன்.

"பின்ன?"

"துறைக் கூட்டம். முடிவுகள் எப்படி எடுக்கிறாங்கன்னு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவருக்கு என் முகம் தெரியாது. அதற்காகத்தான் கழற்றினாரோ என்னவோ.

"நாங்க களம் இல்லப்பா."

"எனக்கு அக்சஸ் இருக்கு மேடம். நான் மாணவர் பிரதிநிதி."

உண்மை. அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை. கூட்டத்தில் நீள மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார வேண்டும், பேசக் கூடாது, இதுதான் வேலை.

"உங்க தெருவை எழுது. அதுல ஒரு வலி இருக்கு," என்றார்.

"மூணாவது மாடி பெண்கள் கழிவறையில தாழ்ப்பாள் இல்லாம இருக்கிறதும் வலிதான் மேடம். போன வருஷத்துல இருந்து கூட்டத்துக்குக் கூட்டம் பேசுறாங்க."

"தெரு," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அடுத்த ஆள்.

அந்த வாரம் துறைக் கூட்டம். தலைமை வகித்தவர் துறைத் தலைவர், சுருக்கம் சார். "சுருக்கமா சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். முடிக்கும்போது சன்னலுக்கு வெளியே வெயில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போயிருக்கும். ஏ.சி. ரிமோட்டை மடியிலேயே வைத்திருக்கும் பேராசிரியர் ஒருவர் உண்டு, ரிமோட் சார். அவர் எதிர்த்துப் பேச நினைத்தால் குளிரைக் கூட்டுவார், அவ்வளவுதான். ஆழம் மேடம் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரவர் போனில் இருந்தார்கள்.

மாணவர்களின் தலைப்புகளை வாசிக்கும் வேலை பிரதிநிதியுடையது. வாசித்தேன். விமான நிலையம். தலைகள் ஆடின. மேல்தட்டுத் தனிமை. ஆடின. கடைசியில் என்னுடையது.

"துறைக் கூட்டத்தில் முடிவெடுத்தல். இந்த அறையில் களப்பணி. நான்தான் ஆய்வாளர்."

ஆடின.

பிறகு அந்த வாசகத்தைச் சொன்னேன். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட்டுச் சொன்னேன். விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம் என்றபோது ஒருவர் தும்மினார். சம்மதமா என்று கேட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு தலை மிச்சமில்லாமல் ஆடியது. ஆழம் மேடத்தின் தலை சிவப்பு மையில் ஒரு கால்புள்ளியைச் சேர்த்துக்கொண்டே ஆடியது.

"சரி, ஏத்துக்கிட்டாச்சு. சுருக்கமா அடுத்த விஷயத்துக்கு வருவோம்," என்றார் சுருக்கம் சார்.

மாடிப்படியில் அடிக்குறிப்பு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "டேய், அவங்க காதுலயே வாங்கல."

"எங்கம்மாவும் வாங்கினதில்ல. செல்லும்."

"இதுல இன்னொரு விஷயம் இருக்கு. உன்னைக் கொன்னுடுவாங்க."

"அதுக்கும் ஒரு குழு அமைச்சாகணும். அதுக்குள்ள நான் பட்டம் வாங்கிடுவேன்."

அந்தப் பருவம் முழுக்க நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. கிரீம் பிஸ்கட் தட்டு தலைவரிடம் புறப்பட்டு என்னிடம் வரும்போது கிரீம் இல்லாததாக மாறும் விதம். "நல்ல கருத்து" என்று யாராவது சொன்னால் அந்தக் கருத்து அத்தோடு அடக்கம் செய்யப்பட்டது என்ற நடைமுறை. தாழ்ப்பாள் விஷயம் மறுபடி வந்தது. குழு அமைத்தார்கள். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நல்ல கருத்து என்றார்கள். கடைசியில் தாழ்ப்பாள் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தலாம் என்று முடிவானது. கழிவறையில் அடிக்குறிப்பு ஒரு கயிறு கட்டியிருந்தாள்.

எதையும் யாரும் எதிர்க்கவில்லை. எதையும் யாரும் ஏற்கவுமில்லை. தலை ஆடியது, அவ்வளவுதான். எங்கள் தெருவின் மெஷினுக்கும் இந்த மேசைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், அங்கே கடைசியில் ஒரு சட்டையாவது மிஞ்சும்.

முதல் வரைவை மேடத்தின் மேசையில் வைத்தேன். அன்று மாலையே அழைத்துவிட்டார். சுருக்கம் சாரும் அறையில் இருந்தார். வரைவின் ஓரத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. 'ஆழம் போதாது' என்றுகூட இல்லை.

"என்னப்பா இது?" என்றார் மேடம்.

"ஆய்வேடு மேடம்."

"நாங்க ஏதோ பொம்மை மாதிரி எழுதியிருக்க. பேசினதுக்கு முன்னாடி பின்னாடி எவ்வளவு இருக்கு. ஒரு மனுஷன் தலையாட்டினா அதுக்குள்ள ஆயிரம் இருக்கும். சோர்வு இருக்கும், மரியாதை இருக்கும்."

"ஆமா மேடம். எங்க தெருவுலயும் அப்படித்தான்."

சுருக்கம் சார் தொண்டையைச் செருமினார். "சுருக்கமா சொல்றேன். துறை சார்பா நாங்க எல்லாரும் விலகிக்கிறோம். எழுதினதெல்லாம் எடுத்துடு."

"சார், ஒருத்தருக்காக இன்னொருத்தர் விலக முடியாது. ஒவ்வொருத்தரா வந்து என்கிட்ட சொல்லணும்."

"யாரு சொன்னா?"

"விதி சார். ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிடக் கூடாதுன்னு வச்சது."

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் சன்னலைப் பார்த்தார். அந்த விதியை எழுதியவர் அவர்தான். நிர்வாகத்தோடு பல வருஷம் மல்லுக்கட்டி, அழுது, ராஜினாமா வரை போய்க் கொண்டுவந்த விதி என்று முதல் வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் மாறும். அதில் பொய் கிடையாது.

அடுத்த வாரம் முழுக்க நூலகத்துக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நான் எழுந்து நின்று சொல்வேன். எல்லாரும் சொன்னார்கள். கேட்டால்தான் மூடிக்கொள்வார்கள் போலிருக்கிறது. கேட்காவிட்டால் கொட்டித் தீர்க்கிறார்கள். ரிமோட் சார் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் வீட்டில் யாரும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று ஆரம்பித்தார். அற்புதமான தகவல். ஆனால் விலகியவர் சொன்னது, பயன்படுத்தக் கூடாது. அதனால் இங்கேயும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை.

கடைசியாக ஆழம் மேடம் வந்தார். உட்காரவில்லை.

"நானும் விலகிக்கிறேன்."

"சரி மேடம்."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாது மேடம்."

"இந்தப் பருவம் முடியறதுக்குள்ள தெருவை எழுதிக் குடு. நானே உக்காந்து சரி பண்றேன். இல்லன்னா பட்டம் இல்ல. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெருவை எழுத மாட்டேன் மேடம்."

"பிடிவாதம்."

"அது என் தரவு மேடம். அதை மட்டும் யாரும் விலக்கிக்க முடியாது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பள்ளிச் சீருடை தைக்கும் காலம். முன்னறை முழுக்க நீலத் துணி. நான் சொல்லி முடிக்கும் வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முடித்ததும் நின்றது.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"எல்லாரும்."

"சும்மா வந்து, நான் வரலன்னு சொன்னா போதுமா?"

"அவ்வளவுதான். எப்ப வேணாலும் விலகலாம். அந்தப் பிள்ளைங்க உன்கிட்ட ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்களே."

"அது ரேடியோவுல பாட்டுக்கு முன்னாடி வர்ற மியூசிக் மாதிரி ஏதோன்னு நினைச்சேன்." அம்மா நூலைப் பல்லால் கடித்தார். "சரி, அந்த டீச்சர் புத்தகத்துல என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்கு? இத்தனை வருஷமா அலமாரியில இருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறேன். என்னன்னு தெரியல."

அது எங்களுக்குப் பாடப்புத்தகம். எங்கள் தெருவில் என்னைத் தவிர ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து நம் மொழியில் சொன்னேன்.

"'பங்கேற்பாளர் ஏழு உடைந்த குரலில் பேசினார். நெடுங்காலமாக அடக்கப்பட்ட துயரம் அவர் தொண்டையை அடைத்திருந்தது. இடையிடையே கண்களைத் துடைத்துக்கொண்டார்.'"

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எப்ப வந்தாங்க அவங்க?"

"நான் மூணாவது படிக்கும்போது. மழைக்காலம்."

"எனக்கு ஜலதோஷம்டா."

"அம்மா."

"மூக்கு அடைச்சு, கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. ஜலதோஷம் டீச்சர், நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். பரவால்லம்மா, பேசுங்கன்னாங்க. எதிர்வீட்டு அக்காவைக் கேளு, அவதான் கஷாயம் வச்சுக் குடுத்தா." மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். "இத்தனை பேருக்குக் காட்டியிருக்கேன். அந்தக் காவக்காரன் பொண்டாட்டிகூட படிச்சவங்கள விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பா."

"கோபத்துல எதுவும் பண்ணாதம்மா. எனக்காகப் போய் நிக்காத. அப்படிப் போனா அது பேரம் மாதிரி ஆயிடும்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? உன் கட்டுரை என்னவோ பண்ணிக்க. நான் அழுதேன்னு எழுதியிருக்கு, நான் அழல. இது எனக்கும் அந்தம்மாவுக்கும் உள்ளது."

மறுநாள் மதியம் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். காவலாளி மாமா அட்டை கேட்டாராம். "பங்கேற்பாளர் ஏழுன்னு சொல்லு, உள்ள எல்லாருக்கும் தெரியும்," என்றாராம் அம்மா. மாமா விட்டுவிட்டார். மேடத்தின் அறையில் நடந்ததை அப்போது அங்கே இருந்த அடிக்குறிப்பு எனக்குச் சொன்னாள்.

"நான் விலகிக்கிறேன் டீச்சர்."

"எதுல இருந்தும்மா?"

"உங்க புத்தகத்துல இருந்து."

மேடம் எழுந்தேவிட்டாராம். "ஏம்மா? என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு நீங்கதானே டீச்சர் சொல்வீங்க."

சொல்லிவிட்டு அம்மா திரும்பி வந்து நாலு காலர் தைத்தார். அடுத்த நாள் எதிர்வீட்டு அக்கா போனார். அதற்கு அடுத்த நாள் மூலைக்கடைக்காரர். அவர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விலகினால் மரியாதை என்று தெருவில் ஒரு பேச்சு, அதனால் போனார். இல்லாதவரை எப்படி விலக்குவது என்று துறை அலுவலகத்தில் இன்னும் விவாதிக்கிறார்கள்.

மேடம் என்னை வராந்தாவில் பிடித்தார்.

"புத்தகம் அச்சுக்குப் போகுது. மூணாவது அத்தியாயமே உங்க அம்மாதான். நீ ஒரு வார்த்தை சொல்லு."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசக் கூடாது மேடம்."

"அந்த விதியை எழுதினதே நான்தான்டா."

முதல் தடவையாக டா போட்டார்.

"ரொம்ப நல்ல விதி மேடம்."

குரலைத் தாழ்த்தினார். "நான் உன் ஆய்வுக்குள்ள திரும்ப வந்துடறேன். மத்தவங்ககிட்டயும் பேசறேன். நீ உங்க அம்மாகிட்ட பேசு."

பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை பேரும் கழற்றி வைத்துவிட்டுப் போனதெல்லாம் திரும்ப வரும். கிரீம் பிஸ்கட், கருத்தரங்கு, எல்லாம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்க அம்மா தலைக்கு உங்க தலையா மேடம்? அது சம்மதம் இல்ல, வியாபாரம். வேணும்னா நீங்களே நேர்ல போய்க் கேளுங்க. ஆள் விட்டுக் கேக்கக் கூடாது, அதுவும் உங்க விதிதான்."

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். விலகியவர்களின் பக்கங்களை விதிப்படி எடுத்தேன். எடுத்த இடத்தில் 'பங்கேற்பாளர் விலகினார்' என்று மட்டும் விட்டேன். ஆனால் அந்த அறையில் தலையாட்டியவர்களில் ஒருவன் மட்டும் விலகவில்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாணவர் பிரதிநிதி. அவனுக்கு முழுச் சம்மதம். அதனால் மிச்சமிருந்த ஆய்வேடு அவனைப் பற்றியது. அவனிடம் கருத்துக் கேட்கப்பட்ட தடவைகள்: இல்லை. அவன் நாற்காலியின் ஒரு கால் குட்டை. அவன் எதைப் பார்த்தான் என்பதைச் சொல்ல அனுமதி இல்லை. எங்கே உட்கார்ந்து பார்த்தான் என்பதைச் சொல்லலாம். அதைச் சொன்னேன்.

வாய்மொழித் தேர்வு அதே அறையில். அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பழக்கம்தான். கேள்விகள் குறைவு. கேட்டால் அது தரவாகிவிடுமோ என்று பயந்தார்கள் போல. சுருக்கம் சார் முடிவுக்கு வந்தார்.

"இந்த ஆய்வேட்டை நிராகரிக்கலாம்னு நினைக்கிறேன். சம்மதமா?"

நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். என் கையில் பேனாகூட இல்லை.

ஒரு கழுத்தும் அசையவில்லை. ரிமோட் சார் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் தலையாட்டப் போய், பாதியில் நிறுத்தி, கழுத்தைச் சொடுக்குவது போலச் செய்துகொண்டார்.

"அப்ப ஏத்துக்கலாமா? சம்மதமா?"

அதற்கும் அசையவில்லை. துறையின் வரலாற்றில் ஒரு தீர்மானம் எந்தப் பக்கமும் விழாமல் நடுவில் நின்றது அன்றுதான். சுருக்கம் சார் வாழ்க்கையில் முதல் முறையாகச் சுருக்கமாகப் பேசினார்.

"நெறியாளரே முடிவு பண்ணட்டும்."

"யோசிச்சு சொல்றேன்," என்றார் ஆழம் மேடம்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். தெரு அவரைப் பார்த்தது. எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட துணியையே மறுபடி காயப்போட்டார். அம்மா ஸ்டூலைக் காட்டினார். மேடம் உட்கார்ந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளறை வாசலில் நின்றேன்.

மேடம் வாசகத்தைச் சொன்னார். விதியை எழுதியவர் அல்லவா, அவர் சொன்னால் அழகாகத்தான் இருக்கும். இது ஆய்வுக்காக. விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம். அம்மா மெஷினை நிறுத்தினார். ஊசியை மேலே தூக்கி வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அந்த வாசகத்தை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"சம்மதமா?" என்றார் மேடம்.

அம்மாவின் தலை ஆடவில்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதாம்மா."

"வேணாம்."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு நீலத் துணிக் குவியலைப் பார்த்தார். "புத்தகத்துல உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான்ம்மா எழுதியிருக்கேன்."

"ஜலதோஷத்தை எழுதியிருக்கீங்க டீச்சர்."

மேடத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த மழைக்காலமும், நாளைக்கு வாங்க என்று அம்மா சொன்னதும் அவருக்கு நினைவு வந்ததை நான் பார்த்தேன். முகம் சிவந்துபோய், கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"அத்தியாயத்தை எடுத்துடறேன்," என்றார்.

"நல்லது. டீ குடிக்கிறீங்களா?"

மேடம் தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்க டீச்சர். தலையாட்டினா இந்த வீட்டுல எடுத்துக்கறதில்ல."

"குடிக்கிறேம்மா."

டீ குடித்தார். மேடம் எழுந்து வாசலுக்கு வந்தார். நானும் போனேன்.

"மேடம், என் ஆய்வேடு?"

அவர் தலை ஒரு மாதிரி அசைந்தது. ஆமாமா இல்லையா என்று சொல்ல முடியாத அசைவு. உள்ளேயிருந்து மெஷின் சத்தத்துக்கு மேல் அம்மாவின் குரல் வந்தது.

"வாயால சொல்லச் சொல்லுடா."

மேடம் பெருமூச்சு விட்டார். "ஆழம் போதாது. ஆனா நீ விதியை மீறின இடம்னு ஒண்ணைக் காட்ட முடியல. உண்மையைச் சொன்னா எங்க எல்லாரையும்விட நீதான் ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்க. ஏத்துக்கறேன். கடைசி கிரேடு."

"கடைசின்னா என்னடா?" என்றார் அம்மா.

"பாஸ்தான்மா. நூலிழையில."

"நூலு இருந்தா போதும்," என்றார் அம்மா. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மேடம் படியிறங்கி, இரண்டு வீடு தள்ளிப் போய் நின்று திரும்பினார். எனக்கு விடை கொடுத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"அடுத்து என்ன பண்ணப்போற?"

"பிஎச்.டி. மேடம்."

"எங்க?"

"இங்கதான். இதே துறையில."

நிம்மதி போய்விட்டது. "தலைப்பு?"

"இன்னும் முடிவு பண்ணல மேடம். ஆனா எனக்கு அக்சஸ் இருக்கு."